அம்பாவும் கர்லாக்கட்டையும்

கோட்டை வாசலைத் தாண்டி, மர நிழலில் புள்ளிமான்கள் அசைபோட்டபடி படுத்திருக்கும் பாதையில் ஏறினால் கோணேசர் மலை உச்சி வரும். கோயிலை ஒட்டிய பாறை அங்கே நெடுக்காகப் பிளந்து கிடக்கிறது. செங்குத்தான பள்ளத்தின் அடியில் கடல் வந்து மோதும் சத்தம் மேலே நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும். அந்தப் பிளவுக்கு இராவணன் வெட்டு என்று பெயர். கோயிலுக்கு வர முடியாத தாய்க்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தான் இராவணன். ஈசன் கால்விரலால் அழுத்தினார். அடியில் சிக்கியவன் சாமகானம் பாடி மீண்டான். இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை திருகோணமலையில் இருக்காது.

திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாட்டில் இராவணனை நினைவுகூர்வது வழக்கம். கோணமாமலைப் பதிகம் பெற்ற இந்த ஊரில் அந்த வழக்கத்துக்குத் தனி உருக்கம் உண்டு. உலகத்துப் பலசாலிகளின் கதைகள் பெரும்பாலும் தூக்கிய பாரத்தைப் பற்றியவை. இது தூக்க முடியாமல் போன பாரத்தைப் பற்றியது. நசுங்கிய பிறகு ஒருவன் தன் மூச்சையும் குரலையும் எப்படி ஒழுங்குபடுத்தினான் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது.

நகருக்குள் இன்று ஜிம்கள் இருக்கின்றன. சுவர் முழுக்கக் கண்ணாடி, இரும்புத் தட்டுகள், காதைப் பிளக்கும் பாட்டு. புதுவருடம் கழிந்ததும் பொடியன்மார் கூட்டமாகச் சேர்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சிலர்தான் நிற்கிறார்கள். நிற்கிறவருக்கும் நின்றுவிடுகிறவருக்கும் தோளிலோ எலும்பிலோ பெரிய வேறுபாடு இருப்பதில்லை. பயிற்சி கொடுப்பவர் யாரைக் கேட்டாலும் மனத்தைத்தான் காட்டுவார். மனம் உடலை எப்படி நாள்தோறும் வேலைக்கு அழைத்துவருகிறது என்ற கேள்விக்கு இந்தத் துறைமுகக் கரை நெடுங்காலமாக விடை தேடியிருக்கிறது. ஜிம் என்ற சொல் இங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பே அது தொடங்கிவிட்டது.

சோளகக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் கரைவலை போடும் காலம் அது. வலைக் கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகிறது. வளைந்து வலையை இறக்கிக்கொண்டே வந்து, தள்ளி வேறோர் இடத்தில் மறு நுனியைக் கரை சேர்க்கிறது. பிறகு இரு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடிக்கிறார்கள். உடம்பைச் சுற்றிக் கட்டிய சிறு கயிற்றின் நுனியைப் பெரிய கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டிக்கொண்டு, குதிகாலை மணலில் புதைத்து, பின்னால் சாய்ந்து நடக்கிறார்கள். இழுப்பதில் கையின் பங்கு கொஞ்சம்தான். தொடையும் இடுப்பும் முதுகும்தான் வேலை செய்கின்றன. கடைசி ஆள் மேட்டை அடைந்ததும் கயிற்றைக் கழற்றி, தண்ணீரின் ஓரத்துக்கு நடந்துபோய், மறுபடி முதல் ஆளாக மாட்டிக்கொள்கிறார். ஒரு வலை கரையேறுவதற்குள் இந்தச் சுற்று எத்தனை தடவை நடக்கும் என்று எவரும் எண்ணுவதில்லை. மணிக்கணக்கில் நடக்கும். மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்கும்போது பாரம் கூடும், உடம்பு தளரும். அந்த நேரத்தில் வெயிலும் ஏறியிருக்கும்.

அங்கேதான் அம்பா வருகிறது. கடல் தொழிலாளரின் வேலைப் பாட்டுக்கு ஈழத்துக் கரைகளில் வழங்கும் பெயர் அது. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். எடுப்பில் மூச்சு வாங்குவதும் திருப்பலில் இழுப்பதும் இயல்பாக அமைந்துவிடும். பாட்டின் பொருள் சாமியாக இருக்கலாம், காதலாக இருக்கலாம், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைச் சீண்டுவதாகவும் இருக்கலாம். ஆனால் தாளம் தவறக்கூடாது. தாளம் தவறினால் இருபது பேரின் பலமும் இருபது துண்டாகிவிடும். இந்தக் கரையின் உடற்பயிற்சி வரலாறு எழுதப்படும் நாளில் முதல் அத்தியாயம் அம்பாவுக்கு உரியது. பாரத்தின் மீதிருந்து கவனத்தை எடுத்துத் தாளத்தின் மீது வைக்கிற அந்த உத்தி, இன்று ஜிம்மில் காதுக்குள் பாட்டைச் செருகிக்கொண்டு எடை தூக்குகிறவன் செய்வதைப் போன்றதுதான். வேறுபாடு ஒன்று உண்டு. அம்பாவில் சோர்ந்தவனைப் பக்கத்தில் இழுப்பவன் குரலாலேயே தாங்கிக்கொள்வான். காதுக்குள் ஒலிக்கும் பாட்டு அதைச் செய்வதில்லை.

வளைகுடாவுக்கு அப்பால், மூதூரும் கிண்ணியாவும் போன்ற கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் இன்னொரு மரபு இருந்தது. சீனடி, சிலம்படி என்று அதைச் சொல்வார்கள். கற்றுக்கொடுப்பவர் அண்ணாவியார். வெளியார் கண் படாத வளவுக்குள், பகல் வேலை முடிந்த பின், நம்பிக்கைக்கு உரிய சிலருக்கு மட்டும் சொல்லித்தருவது பழைய வழக்கம். அடிமுறையைக் கற்பதற்கு முன் கோபத்தை அடக்கக் கற்கவேண்டும் என்பது இத்தகைய கலைகளுக்கெல்லாம் பொதுவான முதற்பாடம். எளிதில் கை நீட்டுகிறவனை அண்ணாவியார் சேர்த்துக்கொள்ள மாட்டார். உடலை உருவாக்கும் இடத்துக்கு ஒரு வாசல்காப்பு இருந்தது என்பது சிறிய விஷயம் இல்லை.

இனி, கர்லாக்கட்டை.

அடி பருத்து, நுனி மெலிந்து, தோளுக்குப் பின்னால் சுழலும் அந்த மரக்கட்டையைத் தமிழ்நாட்டுத் தேகப்பயிற்சிக் களங்கள் நன்கறியும். வடக்கே முக்தர், ஜோரி என்று பெயர்கள். இந்தியாவுக்கு வந்த பிரித்தானியச் சிப்பாய்கள் இதைப் பார்த்து வியந்தார்கள், பழகினார்கள், ஊருக்கு எடுத்துப்போனார்கள். 1834இல் டொனால்ட் வோக்கர் என்பவர் எழுதி லண்டனில் வந்த உடற்பயிற்சி நூலில் 'இந்தியக் கட்டைகள்' இடம்பிடித்தன. பிறகு அவை ஐரோப்பிய, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்தன. ஒலிம்பிக்கிலும் 1904, 1932 ஆகிய இரு முறை கட்டை சுழற்றுவது போட்டியாக இருந்தது. 1932இல் லொஸ் ஏஞ்சலிசில் தங்கம் வென்ற ஜோர்ஜ் ரோத் அப்போது வேலையில்லாத மனிதர். உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம். பதக்கத்தை வாங்கிக்கொண்டு அரங்கத்தை விட்டு வெளியே வந்தவர், வீதியில் போகும் கார்களைக் கைகாட்டி நிறுத்தி வீடு போய்ச் சேர்ந்தார். பசியோடு இருந்த நாள்களிலும் அந்தக் கட்டையை அவர் கீழே வைக்கவில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

கட்டை பிரித்தானியக் கடற்படைக்குள்ளும் போனது. அங்கே உடற்பயிற்சி ஆசிரியரின் சின்னமே குறுக்காக வைத்த இரண்டு கட்டைகள்தான். சக மாலுமிகள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதைவிடக் 'கிளப்ஸ்' என்று அழைப்பதே அதிகம். திருகோணமலை அந்தக் கடற்படையின் துறைமுகம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்குப் போன ஊர், 1957இல் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் திரும்பும் வரை அவர்களின் கப்பல்களைத் தாங்கியது. சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்ததும் இந்துமாக்கடலில் அவர்களுக்கு எஞ்சிய பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக இது ஆயிற்று. அந்த ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேல் வந்து துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து ஹைஃபிளையர் என்ற பெயரில் ஒரு கடற்படை நிலையம் கரையில் இயங்கியது. கப்பலுக்குரிய பெயரோடு நிலத்தில் நின்ற தளம் அது.

இந்தியச் சிற்றூர்க் களத்திலிருந்து புறப்பட்ட கட்டை லண்டனுக்குப் போய், போட்ஸ்மவுத்தில் சீருடை அணிந்து, சட்டைக்கையில் தைத்த சின்னமாகத் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. வெளியே கரைவலைக்காரர் தாளத்துக்கு இழுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கடற்படை வளவுக்குள் ஊதலுக்கும் எண்ணிக்கைக்கும் கைகால்கள் அசைந்தன. இரண்டிலும் சோம்பலுக்கு இடம் வைக்கவில்லை. ஒன்றில் வயிறு அழைத்தது, மற்றதில் ஆணை அழைத்தது.

வயிறும் அழைக்காமல் ஆணையும் இல்லாமல், ஒருவன் தானாகவே ஒவ்வொரு நாளும் தன் உடலைப் பிழிந்தெடுக்க முன்வரவேண்டும் என்றால் வேறொரு தூண்டுதல் வேண்டும். அதை ஒரு தொழிலாகவும் இயக்கமாகவும் ஆக்கியவர் இயூஜன் சாண்டோ. 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க்கில் பிறந்தவர். லண்டனில் மேடையேறிப் புகழ்பெற்றார். உடலழகுக்கென்று முதல் பெரிய போட்டியை 1901 செப்டெம்பர் 14ஆம் திகதி றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் நடத்தினார். அவரோடு நடுவராக அமர்ந்தவர்களில் ஒருவர் ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில். 1904-05இல் சாண்டோ இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அதன் பிறகு அவர் பெயர் நம் மொழியில் ஒரு பட்டமாகவே நிலைத்துவிட்டது. கை வைக்காத பனியனுக்கும் சாண்டோ பனியன் என்று பெயர் வந்தது.

சாண்டோவின் சிந்தனையில் இன்று மறந்துபோன ஒரு பகுதி உண்டு. பெரும் பாரம் தூக்கு என்று அவர் பொதுமக்களிடம் சொல்லவில்லை. அவர் விற்ற தம்பெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும். கைப்பிடி நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும், நடுவே சுருள்வில்கள். பயிற்சி முடியும் வரை இரு பாதியும் ஒட்டியிருக்கும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டே கையை மடக்க வேண்டும். எண்ணம் கொஞ்சம் சிதறினாலும் விரல் தளரும், பிடி விரியும். கவனம் கலைந்ததை அந்த இரும்பே உடனே காட்டிக்கொடுத்துவிடும். தசையை வளர்ப்பது மனத்தின் வேலை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எந்தத் தசை வேலை செய்கிறதோ அதிலேயே எண்ணத்தை ஊன்றி நிறுத்தச் சொன்னார். கண்ணாடி முன் நின்று பழகச் சொன்னதும் அதற்காகவே. இன்றைய ஜிம்மின் சுவர்க்கண்ணாடிக்கு மூதாதை அந்தக் கண்ணாடி.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது பிற்காலத்தில் அளந்து காட்டப்பட்டது. அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் யூ, கோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழுவினர் நான்கு வாரம் சுண்டுவிரல் பக்கத்துத் தசையை முழு விசையோடு இயக்கினார்கள். இன்னொரு குழுவினர் அதை இயக்குவதாக மனத்தில் கற்பனை மட்டும் செய்தார்கள். முதல் குழுவின் பலம் 30 வீதம் கூடியது. அசையாமல் நினைத்துக்கொண்டிருந்தவர்களின் பலமும் 22 வீதம் கூடிவிட்டது. தசை பெருக்கும் முன்பே, அதை ஏவுகிற நரம்பும் மூளையும் தேறிவிடுகின்றன. புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர் முதல் சில வாரங்களில் உடம்பு பெருக்காமலே கூடுதல் எடை தூக்குவது இதனால்தான். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லையே என்று அந்த வாரங்களில் விட்டுப்போகிறவர்களுக்கு இந்த ஒரு செய்தியையாவது யாரேனும் சொல்லியிருக்கலாம். மாற்றம் தொடங்கிவிட்டது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்கியிருக்கிறது.

2018இல் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. பயிற்சிப் பழக்கமில்லாத இளைஞரை எட்டு வாரம் பழக்கினார்கள். ஒரு பாதியினரிடம் தசையை இறுக்குவதில் மனத்தை வை என்றார்கள், மறு பாதியினரிடம் எடையைத் தூக்கி முடிப்பதில் வை என்றார்கள். முன்னவர்களின் முன்கை மடக்கும் தசை 12.4 வீதம் தடித்தது, மற்றவர்களுக்கு 6.9 வீதம். தொடைத் தசையில் அப்படி ஒரு வேறுபாடு கிடைக்கவில்லை. மனத்துக்கும் எல்லை உண்டு. தொடைக்குக் கரைவலைக்காரர் வழிதான் சரி போலும்.

சாண்டோ ஐரோப்பாவில் மேடையேறிய காலத்திலேயே கல்கத்தாவில் மற்றொரு நீரோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அம்பு குஹ நடத்திய மல்யுத்தக் களத்தில் பழகியவர்களுள் ஒருவர் நரேந்திரநாத் தத்தர், பின்னாளில் சுவாமி விவேகானந்தர். அவர் சிறுவனாக இருந்தபோது நடந்த ஒரு சம்பவம் துறைமுக ஊர்க்காரர் நினைவில் வைக்கத் தக்கது. நண்பர்களோடு சேர்ந்து உடற்பயிற்சிச் சாலையில் ஊஞ்சல் கம்பம் ஒன்றை நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். பாரம் தாங்கவில்லை. கூட்டத்தில் வேடிக்கை பார்த்து நின்ற ஆங்கிலேய மாலுமி ஒருவரை உதவிக்குக் கூப்பிட்டார்கள். கம்பம் சரிந்து மாலுமியின் தலையில் விழுந்தது. செத்துவிட்டார் என்று பயந்து மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நரேன் ஓடவில்லை. தன் உடையைக் கிழித்துக் காயத்தைக் கட்டினார், முகத்தில் தண்ணீர் தெளித்தார், மயக்கம் தெளிந்த மனிதரைச் சில நாள் வைத்துப் பார்த்துக் குணமாக்கி, வழிச்செலவுக்குப் பணமும் திரட்டிக் கொடுத்து அனுப்பினார். பலம் எதற்கு என்று பின்னாளில் அவர் பேசியதெல்லாம் அன்று அந்தச் சாலையில் செய்து காட்டியதே.

1897 ஜனவரி 15ஆம் திகதி அவர் மேற்கிலிருந்து திரும்பிக் கொழும்பில் இறங்கினார். அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து பாம்பன் சேர்ந்தார். அடுத்த மாதம் சென்னை இளைஞரிடம் பேசும்போது, முதலில் உடம்பில் வலுவேற்றுங்கள், கீதையைப் படிப்பதைவிட உதைபந்து விளையாடுவது உங்களைச் சொர்க்கத்துக்கு அருகே கொண்டுபோகும் என்ற பொருளில் சொன்னது பலரைத் திடுக்கிட வைத்தது. அந்த ஆண்டிலேயே இராமகிருஷ்ண மிஷன் பிறந்தது. அதே மிஷன் 1925இல் திருகோணமலை இந்துக் கல்லூரியை ஏற்றபோது தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். இயற்கை விஞ்ஞானம் படித்து, 1924இல் துறவு ஏற்றுத் திரும்பியிருந்த இளம் துறவி. பின்னாளில் யாழ் நூல் எழுதப்போகிறவர். உடலின் உறுதியையும் உள்ளத்தின் உறுதியையும் பிரித்துப் பார்க்காத ஒரு மரபு இப்படித்தான் கோணேசர் மலை அடிவாரத்துப் பள்ளிக்கூடம் வரை வந்துசேர்ந்தது. தசையை ஒரு நோன்பாக நினைக்க அந்த மரபு கற்றுக்கொடுத்தது. வேலையும் ஆணையும் இல்லாத இடத்தில் ஒருவனை விடியற்காலையில் எழுப்பிவிடும் சக்தி நோன்புக்கு உண்டு.

அந்த நோன்பின் தமிழ்நாட்டு முகம் சாண்டோ சின்னப்பா தேவர். 1915இல் கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பங்கஜா மில்லில் மாதம் ஒன்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை. பிறகு பால் வியாபாரம், சோடா வியாபாரம். இவ்வளவுக்கும் நடுவே நண்பர்களோடு சேர்ந்து வீர மாருதி தேகப் பயிற்சி சாலையை நடத்தினார். பெயரைக் கவனிக்க வேண்டும். நடுவிலே நிற்கிறவர் ஆஞ்சநேயர். தசையும் பக்தியும் ஒரே உருவத்தில் குடியிருக்கும் தெய்வம். தேவரோ முருகன் அடிமை. மருதமலையை அவர் கும்பிட்ட விதம் தமிழ்த் திரையுலகம் முழுவதும் அறிந்தது. 1956இல் தேவர் பிலிம்ஸ் தொடங்கியபோது, நேரம் தவறாமையும் சொன்ன நாளில் படம் முடிப்பதும் அவரது அடையாளமாயின. சாலையில் பழகிய ஒழுங்கு படப்பிடிப்புத் தளத்துக்கு இடம் மாறியது என்றே கொள்ள வேண்டும்.

கிழக்கு வங்காளத்தின் கொமில்லாப் பக்கத்தில் 1912இல் பிறந்த மனோகர் ஐச்சின் கதை இன்னும் கடுமையானது. உயரம் நான்கு அடி பதினொரு அங்குலம். பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்தார். இந்தியரை இழிவாகப் பேசிய அதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்தார், சிறைக்குப் போனார். சிறையில் தம்பெல் ஏது, பார்பெல் ஏது? தண்டாலும் பஸ்கியும் தன் உடம்பின் எடையும்தான். சில நாள்களில் பன்னிரண்டு மணிநேரம் வரை பயிற்சி செய்தார். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து மனமிரங்கிய சிறை அதிகாரிகளே அவருக்குத் தனிச் சாப்பாடு ஏற்பாடு செய்தார்கள். சுதந்திரத்தோடு விடுதலை. வெளியே வந்தவருக்காக வறுமை காத்திருந்தது. கல்கத்தாவின் சியால்டா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார். 1951இல் லண்டன் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் இரண்டாம் இடம். ஊர் திரும்பாமல் அங்கேயே ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, மறு ஆண்டு மறுபடி மேடையேறித் தன் உயரப் பிரிவில் வென்றார். 2016இல் இறந்தபோது வயது 104.

ஐச்சின் வாழ்வில் ஊக்கம் தரும் பேச்சாளர் யாரும் இல்லை. சிறை அறையில் கண்ணாடியும் இல்லை. இன்றைக்கு உற்சாகம் வரட்டும், அப்போது செய்கிறேன் என்று அவர் காத்திருந்திருந்தால் அந்தச் சுவர்களுக்குள் ஒன்றும் நடந்திருக்காது. உற்சாகம் வருவதும் போவதும் கடற்காற்று மாதிரி. கரைவலைக்காரர் காற்றை நம்பி வலை போடுவதில்லை. பருவத்தை அறிந்து போடுகிறார்கள்.

பருவம் என்றதும் மண்டலக் கணக்கு நினைவுக்கு வருகிறது. எந்த நேர்த்தியானாலும் ஒரு மண்டலம், 48 நாள் என்று எண்ணுவது தமிழர் வழக்கம். மருந்து உண்பதற்கும் அதே கணக்கு. லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் பிலிப்பா லாலி என்ற உளவியலாளரின் குழு 96 பேரிடம் ஒரு புதுப் பழக்கத்தை நாள்தோறும் கடைப்பிடிக்கச் சொல்லிப் பார்த்தது. அது யோசிக்காமலே நடக்கும் செயலாக மாற நடுவளவில் 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை நீளலாம் என்றும் கணக்கு வந்தது. நம் முன்னோர் எண்ணிக்கை மிகவும் பிசகிவிடவில்லை. அந்த ஆய்வில் இன்னொரு ஆறுதலும் உண்டு. இடையில் ஒரு நாள் தவறியவர்கள் பெரிதாகப் பின்தங்கவில்லை. ஒரு நாள் விட்டுப்போனதும் எல்லாம் போய்விட்டது என்று கைவிடுகிற பொடியன்மாரின் காதில் இதைத் திரும்பத் திரும்பப் போடவேண்டும்.

பொறுமைக்கு எதிரி 1958இல் குளிசை வடிவில் வந்தது. சீபா நிறுவனம் டயனபோல் என்ற ஸ்டீரொயிட் மருந்தை அமெரிக்கச் சந்தையில் விட்ட ஆண்டு அது. ஐச் வென்றது அதற்கு ஆறு ஆண்டு முன்பு. பல மாதக் காத்திருப்பைச் சில வாரமாகச் சுருக்கித் தருவதாக அந்த மருந்து வாக்களித்தது. அதன் வழிவந்தவை இதயத்துக்கும் ஈரலுக்கும் விரைக்கும் செய்யும் கேடு மருத்துவ நூல்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அதோடு இன்னொரு கேடும் செய்கின்றன. காத்திருக்கும் பழக்கத்தையே அரித்துவிடுகின்றன. ஊசியை நிறுத்தியவனுக்கு உடல் இளைக்கும். அந்த நேரத்தில் கைகொடுக்க வேண்டிய மனப்பயிற்சி அவனிடம் சேர்ந்திருக்காது.

இலங்கைத் தமிழ் இளைஞருக்கு இந்தத் துறையில் உலகப் பட்டம் எட்டாத தூரம் என்ற எண்ணத்தை 2017 மாற்றியது. மொங்கோலியாவின் உலான் பாட்டரில் நடந்த உலக உடற்கட்டழகர் போட்டியில் 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் இலங்கையின் லூசியன் புஷ்பராஜ் தங்கம் வென்றார். பனியும் குளிரும் உள்ள ஒரு தலைநகரில் சிங்கக்கொடி ஏறியது. தமிழ்ப் பெயர் ஒன்று அந்த மேடையில் ஒலித்ததைக் கிழக்கின் சின்ன ஊர்ப் பயிற்சிக்கூடங்களில் இளைஞர்கள் கைத்தொலைபேசியில் பார்த்துப் பகிர்ந்துகொண்டார்கள்.

மேடையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் உள்ள நாள்களை யாரும் ஒளிபரப்புவதில்லை. போட்டிக்குத் தயாராகும் உடற்கட்டழகருக்குக் கடைசி மூன்று நான்கு மாதம் எடை தூக்குவதைவிடத் தட்டின் முன் உட்காருவதே கடினம். வீட்டில் சோறும் மீன்குழம்பும் மணக்கும். அவர் அவித்த கோழித்துண்டையும் முட்டை வெள்ளையையும் நிறுத்து வைத்து உண்பார். கொழுப்புக் குறையக் குறைய நித்திரை கெடும், சிறு சொல்லுக்கும் எரிச்சல் வரும். வீட்டார் பொறுத்துக்கொள்ளாவிட்டால் அந்தத் தவம் நடுவிலேயே கலைந்துவிடும். ஒரு மனிதனின் மனவுறுதி என்று மேடையில் பாராட்டப்படுவதில் அவனுக்காகத் தனி உலை வைத்த தாயின் பங்கும் இருக்கிறது. தாய்க்காக மலை தூக்கப் போனவன் கதையோடு தொடங்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

கரைவலைத் தொழிலிலும் காலம் மாறிவிட்டது. பல கரைகளில் இப்போது உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி வலையை இழுக்கிறது. ஆள்கள் குறைந்தார்கள், அம்பா பாடத் தெரிந்தவர்களும் குறைந்தார்கள். இயந்திரம் வந்ததைக் குறை சொல்ல முடியாது. முதுகெலும்பு தேய்ந்துபோன ஒரு தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் அந்தப் பாட்டுகளைப் பாடித் தருவோர் இருக்கும்போதே பதிந்துவைக்கும் வேலை இந்த மாவட்டத்தில் இன்னும் பெரிய அளவில் நடக்க வேண்டியிருக்கிறது. கர்லாக்கட்டைக்கு இன்று உலகம் முழுவதும் மறுபடி மவுசு. நகரத்து ஜிம்களில் அதை வெளிநாட்டுப் புதுக்கருவி என்று எண்ணிச் சுழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இழுவை இயந்திரம் இல்லாத கரையொன்றில், வலை கரையை நெருங்கும் நேரத்தில், கயிற்றின் ஓரம் போய் நின்றால் எவரையும் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்வார்கள். புதியவர் முதலில் கையால் இழுப்பார். உள்ளங்கை சில நிமிடத்தில் சிவந்துவிடும். பக்கத்தில் நிற்கும் வயதானவர் ஒன்றும் பேசாமல் தன் இடுப்புக் கயிற்றைத் தட்டிக் காட்டுவார், குதிகாலை மணலில் ஊன்றச் சொல்லிச் சைகை செய்வார். எடுப்பவர் குரல் எழுந்ததும் இருபது உடம்பும் ஒன்றாகப் பின்னால் சாயும். மடி தெரியத் தொடங்கும்.